வேலிக்கு அப்பால் பூத்தது

2009 மே. வன்னியில் சண்டை முடிந்துவிட்டது. டென்மார்க்கின் சில்க்போர்க்கில் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகும் வெயில் மங்கவில்லை. ஞானமலர் தன் பியோனிப் பூச்செடியின் முன்னால் முழந்தாளிட்டிருக்கிறாள். இலைகள் மட்டும் கரும்பச்சையாகச் செழித்து நிற்கின்றன. பெயருக்கும் ஒரு மொட்டில்லை. வேலிக்கு அப்பால் திலகேஸ்வரியின் செடியில் பவள நிறப் பூக்கள் கிண்ணம் கிண்ணமாக விரிந்திருக்கின்றன, மொட்டுகளில் எறும்பு ஊர்கிறது. ஒரே கலப்பினக் கிழங்கை இரண்டாக வெட்டித்தான் இருவரும் நட்டார்கள். “வாழைக்குட்டி நடுற மாதிரி ஆழமாத் தாட்டுப்போட்டியள் அக்கா. இது மேலாக இருந்தாத்தான் பூக்கும்,” என்கிறாள் திலகேஸ்வரி. “ஓம், உமக்குத்தான் எல்லாம் தெரியும்.” ஞானமலர் விரல்களால் மண்ணைக் கிளறுகிறாள். அப்போது கைப்பேசி ஒலிக்கிறது. இருவர் கைகளும் ஒரே நேரத்தில் சட்டைப் பைக்குப் போகின்றன; இருவரின் தம்பிமாரும் வன்னியில்தான் இருந்தார்கள். ஒலித்தது திலகேஸ்வரியினுடையது. “தம்பி! நீயே கதைக்கிறாய்? முகாமிலையோ?” அவள் பூக்களுக்கு நடுவில் அப்படியே உட்கார்ந்து அழுகிறாள், சிரிக்கிறாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு வேலிக்கு மேலால் எட்டிப் பார்க்கிறாள். “அக்கா, உங்கட தம்பியைக் கண்டவனோ எண்டு கேக்கட்டே?” ஞானமலரின் விரலில் கிழங்கு தட்டுப்படுகிறது. “கேக்காதையும்,” என்கிறாள். கிளறிய மண்ணை இரண்டு கைகளாலும் அள்ளி அள்ளி அதன்மேல் மூடுகிறாள்.