நீலம் ஏறாத வரிசை

பரிசோதனைத் தட்டின் குழிகளுக்குள் சாய்ந்த வெயில் இறங்குகிறது. அதில் இருப்பது அக்கா மகளின் ரத்தச் செல்கள், சித்திதான் சோதிக்கிறாள். நோயை எதிர்க்கும் உதவி டி செல்களில் கிருமிக்குக் கிருமி தனிப்படை உண்டு. படை எழுந்தால் குழி நீலமாகும். செல்களுக்குக் காசநோய்க் கிருமியைக் காட்டிய வரிசை நீலமாகிவிட்டது. பூஞ்சையைக் காட்டிய வரிசை வெறும் தண்ணீராகவே கிடக்கிறது. அது நிறம் மாறாவிட்டால் பிள்ளைக்கு அந்தப் படையே இல்லை என்று அர்த்தம். "மணி அடிச்சாச்சே, நிறம் ஏறுறதை நிறுத்த அமிலத்தை ஊத்துடி" என்கிறாள் பக்கத்து மேசைக்காரி. "கொஞ்சம் பொறேன்." "பொறுத்தா கிருமி ஒண்ணுமே போடாத குழிகூட நீலமாகும். யாரை ஏமாத்தப் போற, தட்டையா?" சித்தி தட்டின் விளிம்பை விரலால் தட்டுகிறாள். மூலையில், ஒன்றுமே போடாத குழியில் மெல்லிய நீலம் கசியத் தொடங்குகிறது. அவள் அமிலத்தைச் சொட்டுகிறாள். நீலமெல்லாம் மஞ்சளாகிறது. பூஞ்சை வரிசை அப்படியே இருக்கிறது. கண்ணாடிக் கதவுக்கு வெளியே, அக்கா மடியிலிருந்து பிள்ளை நாக்கை நீட்டி அழகு காட்டுகிறாள். எந்த மருந்துக்கும் போகாத பூஞ்சை அதில் வெள்ளையாகப் படிந்திருக்கிறது. சித்தியும் தன் சிவந்த நாக்கை நீட்டுகிறாள். பிள்ளை குலுங்கிச் சிரிக்கிறாள். அக்கா சிரிக்கவில்லை, தங்கையின் கண்களையே பார்க்கிறாள்.