பீரோவுக்குள் ஜம்ப் அட்டை

ஆங்கில வினைச்சொற்களை விளையாட்டாகச் சொல்லித்தர சகாயராணி டீச்சர் அட்டைகள் செய்தார். அட்டையைத் தூக்கிக் காட்டினால் பிள்ளைகள் அதன்படி செய்துகாட்ட வேண்டும். லேமினேஷன் போட்டதும், அழுக்காகிவிடுமே என்று பீரோவில் வைத்துப் பூட்டினார்.

"மூணு வருஷமா ஒரே இடத்துல கிடக்கேன்க்கா," என்று புலம்பியது 'ஜம்ப்' அட்டை.

"எனக்கு ஒரு குறையும் இல்லடி," என்று கொட்டாவி விட்டது 'ஸ்லீப்' அட்டை.

அதிகாரி பார்வையிட வந்த அன்று அட்டைகள் மேசைக்கு வந்தன.

"யாரும் தொடக்கூடாது!" என்று டீச்சர் பிள்ளைகளை அதட்டினார்.

"அடடா, புதுசு மாதிரியே வச்சிருக்கீங்களே!" என்று பாராட்டிவிட்டுப் போனார் அதிகாரி.

அந்தச் சந்தடியில் ஜம்ப் நழுவிக் கீழே விழுந்தது. ஒரு சிறுமி அதை எடுத்து உயர்த்த, வகுப்பே குதித்தது. டீச்சர் ஓடிவந்து பிடுங்கியதில் மூலை கிழிந்தது.

"போச்சு, இனி இது எதுக்கு ஆகும்?" என்று ஜன்னல் வழியே வீசினார்.

இப்போதெல்லாம் இடைவேளை மணி அடித்தால், மைதானத்தில் ஜம்ப்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பிள்ளைகள் குதிக்கும் சத்தம் பீரோ வரை கேட்கிறது.

ஸ்லீப் புரண்டு படுத்தது. "பாவம், எவ்வளவு நல்லா இருந்தவ. இப்படிச் சீரழிஞ்சு போயிட்டாளே!"