தோற்றவள் சொன்ன நன்றி

நாடாளுமன்றத் தேர்தலில் நான்காவது முறையாக மருதையனிடமே தோற்ற இன்பவல்லி, மறுநாள் காலையில் நன்றி சொல்லக் கிளம்பினாள். வீட்டை விட்டு நகரவில்லை. பிரசாரத்துக்கு வாடகைக்கு எடுத்த, அவளைப் போலவே தோன்றும் ஹோலோகிராம் ஒளியுருவங்கள்தான் வாசல் வாசலாகப் போய் நின்று பேசும்.

“எந்தத் தெருவுக்கு அனுப்பட்டும்க்கா?” என்றான், அவற்றை இயக்கும் ரபீக்.

“மருதையன் கட்சி நிர்வாகிங்க வீட்டுக்கு மட்டும் அனுப்பு. நாலு தேர்தலா என் போஸ்டர்ல சாணி அடிச்சவனுங்க.”

“அவங்க உங்களுக்கு ஓட்டே போடலையேக்கா?”

“போடலைன்னு எப்படி நிரூபிப்பானுங்க?”

ஒன்றியச் செயலாளர் வாசலில் நின்ற இன்பவல்லியின் ஒளியுருவம், தெருவே கேட்கும்படி, “கட்சியை மீறி எனக்கு ஓட்டுப் போட்ட அண்ணனுக்கு நன்றி” என்று கும்பிட்டது. மதியத்துக்குள் நிர்வாகிகள் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். மருதையன் மூன்று பேரைக் கட்சியை விட்டே நீக்கினான்.

சாயங்காலம் கடைசி உருவம் அவன் வீட்டு வாசலுக்கே வந்தது. “எனக்கு ஓட்டுப் போட்ட மங்கையர்க்கரசி அக்காவுக்கு நன்றி.”

மருதையன் சிரித்தபடி மனைவியைத் திரும்பிப் பார்த்தான். “புளுகைப் பாரு! நீயே சொல்லுடி, எனக்குத்தானே போட்ட?”

மங்கையர்க்கரசி உள்ளே போனாள். அவனுக்காகக் கரைத்து வைத்திருந்த ஆரத்தியை எடுத்துவந்து ஒளியுருவத்துக்குச் சுற்றினாள். நெற்றியில் வைத்த பொட்டு ஒளியில் ஒட்டாமல் தரையில் சொட்டியது.

“இந்தத் தடவை மட்டுமில்ல,” என்றாள். “நாலு தடவையும்.”