பதினோராவது துடுப்பு

மணி டாங்கென்று அடித்தது. பத்துப் பேரும் ஒரே பக்கமாகச் சாய்ந்தோம். நன்றாகப் போய்க்கொண்டிருந்த படகை நாங்களே குப்புறக் கவிழ்த்தோம்.

எங்கள் ஒகினாவாத் துறைமுகத்துத் திருவிழாவில் ஜனங்கள் விழுந்தடித்து ஓடிவந்து பார்க்கும் போட்டி இதுதான். பாதி தூரத்தில் எல்லாரும் தங்கள் படகைக் கவிழ்க்க வேண்டும். நீந்தியபடியே நிமிர்த்தி, தண்ணீரை இறைத்து, ஏறி, மறுபடி துடுப்புப் போட வேண்டும். கடல்காரர்களுக்கு இதெல்லாம் விளையாட்டு.

நான் கடல்காரன் இல்லை. மேட்டில் கரும்பு போடுகிறவன்.

அதுதான் வினையே. நான்கு வருஷம் முன்பு கனாமியைப் பெண் கேட்டுப் போனபோது, அவள் அப்பா கென்யூ என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. அவருக்கு வலது கையில் மூன்றே விரல்கள். மற்ற இரண்டையும் சூரை மீன் தூண்டில் கயிறு கொண்டுபோய்விட்டது. அந்த மூன்று விரலால் வாசலைக் காட்டினார்.

"மிதக்கத் தெரியாதவனுக்கு எம் பொண்ணு கிடையாது." அதையும் பக்கத்து வீட்டுக்காரரிடம்தான் சொன்னார்.

கல்யாணத்துக்கு வரவில்லை. அதற்கப்புறம் என்னோடு ஒரு வார்த்தை கிடையாது. கனாமிக்கு இப்போது ஏழாம் மாதம். குழந்தை பிறப்பதற்குள் அப்பா நம் வீட்டுக்கு வந்து ஒரு வாய் சாப்பிட வேண்டும், அவளுக்கு வேறு ஆசையே இல்லை.

அவர் நடுத்தெருப் படகின் சுக்கான்காரர். அவர் கண்ணெதிரே மிதந்து காட்டிவிடலாம் என்று, புத்தி கெட்டுப்போய் மேற்குத்தெருப் படகில் பெயர் கொடுத்தேன். மூன்று மாதம் நகராட்சிக் குளத்தில் நீச்சல் பழகினேன். குளத்தில் நான் புலி.

கடலில் பூனைகூட இல்லை. வாயில் உப்பு, மூக்கில் உப்பு, வானம் எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை. பத்தடி தள்ளி நின்ற காவல் படகிலிருந்து யாரோ மிதவையைத் தூக்கி வீசத் தயாரானார்கள். ஐயோ, மானம் போச்சே! துடுப்பை மட்டும் விடாமல் கட்டிக்கொண்டேன்.

சட்டைக் காலர் கழுத்தை இறுக்கியது. அடுத்த நொடி ஒரு படகுக்குள் மல்லாந்து கிடந்தேன்.

ஏறிவிட்டேன்! அப்பாடா! கண் எரிச்சலில் இமையைத் திறக்கவே முடியவில்லை. திறந்து என்ன ஆகப்போகிறது? இடம் பிடித்து உட்கார்ந்தேன், படகில் தாளத்துக்கு அடிக்கும் மணிச் சத்தத்துக்கு இழுத்தேன்.

கொஞ்ச தூரம் போன பிறகுதான் கண் திறந்தது. எங்கள் சட்டை வெள்ளை. எனக்கு முன்னால் ஆடிய முதுகு நீலம். பக்கத்து முதுகும் நீலம். மெதுவாகத் திரும்பிப் பார்த்தேன்.

சுக்கான் பிடித்து நின்றவர் என் மாமனார்.

"முன்னாடி பாத்து இழுடா, கரும்பு!"

நான்கு வருஷத்தில் முதல் பேச்சு! எனக்குத் தலைகால் புரியவில்லை. குதிக்க வேண்டுமென்றோ கத்த வேண்டுமென்றோ தோன்றவே இல்லை. இழுத்தேன் பாருங்கள், அப்படி ஓர் இழுப்பு! ரொம்பப் பின்னால் என் படகுக்காரர்கள் ஒன்பது பேரும் எனக்காகத் தண்ணீரைத் துழாவிக்கொண்டிருந்தார்கள். நான் எங்கே இருக்கிறேன் என்று பார்த்ததும் அவர்கள் கத்தியதை இங்கே எழுத முடியாது.

இரண்டு படகு நீளத்தில் ஜெயித்தோம். அதாவது, அவர்கள் ஜெயித்தார்கள். நடுத்தெருவுக்குப் பன்னிரண்டு வருஷத்துக்குப் பிறகு முதல் வெற்றி. அந்தத் தெருக் கிழவர்கள் போட்ட சட்டையோடு தண்ணீரில் குதித்தார்கள்.

அப்புறம் நடுவர் துடுப்புக்காரர்களை எண்ணினார். பத்து இருக்க வேண்டிய இடத்தில் பதினொன்று. மறுபடி எண்ணினார். பதினொன்று, அதில் ஒன்று வெள்ளை.

துறைமுகமே வெடித்துச் சிரித்தது. மீன் பொரித்துக்கொண்டிருந்த அம்மாள் கரண்டியோடு தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஒலிபெருக்கிக்காரனுக்கு மூச்சு வாங்கியது, அறிவிப்பு வரவில்லை. ஆள் கூடியதற்கு நடுத்தெருவையும், குறைந்ததற்கு எங்களையும் போட்டியிலிருந்தே தள்ளிவிட்டார்கள். மிச்சமிருந்த மூன்றாவது படகுக்குக் கோப்பை! அவர்கள் எதற்கென்றே தெரியாமல் குதித்தார்கள்.

நடுவர் மாமனாரைக் கேட்டார். அவர் என் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "கண்ணு தெரியாத பய, தானா வந்து ஏறிட்டான். அந்தக் கூத்துல நான் எங்க கவனிச்சேன்?"

சொல்லிவிட்டுக் கூட்டத்துக்குள் போய்விட்டார்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஒரு வார்த்தைக்கு ஆசைப்பட்டு அந்த மனுஷனின் பன்னிரண்டு வருஷத்தைக் கெடுத்துவிட்டேனே.

பந்தலில் கனாமி வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தாள். "உங்கப்பா இனிமே ஜென்மத்துக்கும் நம்ம வாசல மிதிக்க மாட்டாரு" என்றேன். அவள் சிரிப்பை நிறுத்தாமலே என் ஈரச் சட்டையைக் கழற்றி, துண்டால் முதுகைத் துவட்டினாள்.

பின்கழுத்தில் துண்டு நின்றது.

"என்ன, ரத்தமா?"

அவள் துண்டை விலக்கினாள். காலர் இருந்த இடத்தில், எரிந்துகொண்டிருந்த தோலின் மேல் தன் விரல்களை ஒவ்வொன்றாக வைத்தாள்.

"ஒண்ணு. ரெண்டு. மூணு."

அதற்கு மேல் எண்ண விரல் தடம் இல்லை.

வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று, துறைமுகமே திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள்.

"அப்பா!"