உச்சிவெயில் சவாரி

"பன்னிரண்டுன்னா ராத்திரி பன்னிரண்டுதானே?"

"இல்ல தம்பி. பகல் பன்னிரண்டு."

வேன் டிரைவர் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்த துணியைத் தோளில் போட்டுக்கொண்டு நிமிர்ந்தார். கொட்டகை வாசலில் ஒரு பெரியவரும் அவர் மனைவியும் நின்றிருந்தார்கள். வெளுத்த உடுப்பு, நல்ல செருப்பு. பார்த்தால் பைத்தியம் மாதிரித் தெரியவில்லை. ஆனால் பைத்தியம் என்ன, நெற்றியில் எழுதி ஒட்டிக்கொண்டா வரும்?

"ஐயா, நீங்க கேக்கறது பாலைவன ரோடு. விடியறதுக்கு முன்னாடி கிளம்பி, வெயில் ஏறுறதுக்குள்ள அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்துடணும். இல்லேன்னா பொழுது சாஞ்சப்புறம் கிளம்பணும். நடுப்பகல்ல அங்க காக்காகூடப் பறக்காது. தார் இளகி டயரைப் பிடிச்சுக்கும்."

"தெரியும் தம்பி" என்றார் பெரியவர்.

"தெரிஞ்சுமா? சரி, வெயிலாவது தணியட்டுமே. இந்த வாரம் அனல் இன்னும் கூடும்னு ரேடியோவுல தொண்டை கிழியக் கத்துறான்."

"அதைக் கேட்டுட்டுத்தான் ஓடி வந்தோம்" என்றாள் அந்த அம்மாள். "இந்த வாரமே போகணும்."

டிரைவருக்கு ஒரு எழவும் புரியவில்லை. ஊரில் எவனும் வெயில் எப்போது இறங்கும் என்று பார்த்துத்தான் பயணம் வைப்பான். இவர்கள் எப்போது ஏறும் என்று பார்த்து நாள் குறிக்கிறார்கள்.

"எத்தனை பேரு?"

"நாங்க ரெண்டு பேருதான்."

"ரெண்டு பேருக்கு எதுக்கு இவ்வளவு பெரிய வேன்? எலி ஏற யானையா?"

"நடு சீட்டை மடக்கிடுப்பா. ஒரு ஆள் காலை நீட்டிப் படுக்கிற மாதிரி இடம் வேணும்."

"யாருக்கு? உங்களுக்கா?"

"இல்ல."

"அப்புறம் யாருக்கு?"

பெரியவர் மனைவியைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள்.

"யாருன்னு தெரியாது தம்பி. யாரும் இல்லாமலும் போகலாம்."

கொட்டகைக்குப் பின்னால்தான் வீடு. அங்கே துணி உலர்த்திக்கொண்டிருந்த டிரைவரின் மனைவி, காது இந்தப் பக்கமே இருந்ததால், ஈரத்துணியோடு வந்து அவரை ஓரமாக இழுத்தாள்.

"என்னங்க, பிணம் கிணம் ஏத்தப் போறாங்களா?"

"நீ வேற! வாயைக் கழுவு."

"வாயைக் கழுவலாம். வண்டி போனா என்னத்தைக் கழுவறது?"

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. முன்பு எவனோ ஏற்றிய ஒரு மூட்டைக்காக போலீஸ் அவருடைய பழைய வண்டியைப் பிடித்துக்கொண்டு போய், அது ஸ்டேஷன் வாசலிலேயே துருப்பிடித்துச் செத்தது. இந்த வேனும் போனால் வீட்டில் அடுப்பு எரியாது. பழைய வண்டி போனதிலிருந்து அவர் மனிதர்களை நம்புவதில்லை. பிரேக்கை நம்புவார், அதையும் மிதித்துப் பார்த்துவிட்டுத்தான்.

திரும்பி வந்து இடுப்பில் கை வைத்து நின்றார்.

"ஏதாவது மூட்டை ஏத்துவீங்களா?"

"தண்ணி கேன் மட்டும்தான். வண்டி கொள்ற அளவுக்கு. அப்புறம் ஐஸ் பெட்டி. தம்பி, இன்னொண்ணு, உன்கிட்ட வண்டி கட்டி இழுக்கிற கயிறு இருக்கா?" என்று கேட்டாள் அந்த அம்மாள்.

"ஏம்மா, என் வண்டி பாதியில நின்னுபோகும்னே முடிவு பண்ணிட்டீங்களா?" டிரைவருக்குச் சுர்ரென்று ஏறியது. "இது வரைக்கும் இது எங்கேயும் நின்னதில்ல!"

"உன் வண்டியைச் சொல்லலப்பா, கோவிச்சுக்காத."

"வேற எந்த வண்டி? அங்கதான் ஈ காக்கா கிடையாதே. சரி, அந்தப் பக்கம் போய் எங்க இறங்கறீங்க?"

"இறங்கறதில்ல. கோடி வரைக்கும் போய் அப்படியே திரும்பணும். மெதுவாப் போகணும், ரெண்டு பக்கமும் பார்த்துக்கிட்டே."

"மெதுவாவா? அடுப்புக்குள்ள நின்னு வேடிக்கை பார்க்கிற மாதிரியா?"

"ஆமா" என்றார் பெரியவர், அவர் கேட்டது ஏதோ சாதாரண விஷயம் போல.

டிரைவர் வண்டிச் சாவியை எடுத்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். கடத்தல்காரன் இப்படி ஊரறியப் பேச மாட்டான். சினிமாக்காரன் என்றால் கூடவே ஒரு பட்டாளம் வந்திருக்கும். மிச்சம் இருப்பது ஒன்றுதான். அதை மென்று முழுங்காமல் கேட்டுவிட்டார்.

"மனசுல பட்டதைச் சொல்றேன். நீங்க ரெண்டு பேரும் சாகப் போறீங்களா?"

அந்த அம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சாகப் போறவ ஐஸ் பெட்டி கேப்பாளா தம்பி?"

"அப்போ எதுக்கும்மா? எனக்கு மண்டை காயுது. இந்த ஒரு வண்டிதான் எங்க சோறு. உண்மையைச் சொல்லுங்க. சொன்னா வர்றதா வேண்டாமான்னு நான் முடிவு பண்றேன். சொல்லலேன்னா வேற ஆளைப் பாருங்க."

"வேற ஆளுங்க எல்லாரும் முடியாதுன்னுட்டாங்க" என்றார் பெரியவர். சொல்லிவிட்டுத் தெருப்பக்கம் திரும்பிக்கொண்டார். வெளியே வெயில் தகரக் கூரை மேல் படபடவென்று பொரிந்துகொண்டிருந்தது.

அந்த அம்மாள்தான் சொன்னாள், குரலை உயர்த்தாமல்.

"நடுப்பகல்ல அந்த ரோட்டுல யாரும் போக மாட்டாங்கன்னு சொன்னியே, அது நெஜந்தான் தம்பி. எங்க பையனோட வண்டி போன வருஷம் அங்க நடுப்பகல்லதான் நின்னுபோச்சு. பொழுது சாயிற வரைக்கும் ஒருத்தரும் வரலை."