என்றாள் தோழி

"போனைக் குடு, வாத்தியாரே."

மடிக்கணினியில் ஓடிக்கொண்டிருந்த அவனுடைய விரல்கள் அப்படியே நின்றன. கல்யாணமான நாளிலிருந்து அவள் அவனிடம் கேட்கவே கூடாத ஒன்று உண்டென்றால் அது இதுதான். சடங்கு, சாங்கியம் எதுவும் இல்லாமல், நண்பர்கள் நாலு பேர் கைதட்ட நடந்த கல்யாணம். அன்றைக்கே அவன் சொல்லிவிட்டான்: "நாம மத்தவங்க மாதிரி இல்ல. யாரும் யாருக்கும் சொத்து கிடையாது. ஒருத்தர் போனை ஒருத்தர் கேக்கவே கூடாது." காதுக்கு நன்றாகத்தான் இருந்தது. அவளும் தலையாட்டி வைத்தாள்.

"எதுக்கு?"

"உன் தோழியைப் பாக்கணும்."

அவன் சிரித்தான். பல்கலைக்கழகத்தில் பண்பாட்டுப் பாடம் நடத்துகிறவனுக்கே உரிய பொறுமையான சிரிப்பு.

"என்ன, இன்சார்ஜ் மேடத்துக்குப் பொறாமையா?"

பார்சல் கம்பெனியில் அவள் ஷிப்ட் இன்சார்ஜ்.

"ஆமா, வயிறு எரியுது. அதுல என்ன வெக்கம்?"

"பொறாமைங்கிறது என்ன தெரியுமா? உடைமைச் சமூகம் நமக்குள்ள விதைச்சுவிட்ட..."

"பாடத்தை கிளாஸ்ல நடத்து. போனைக் குடு."

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அவன் தன் இணையப் பக்கத்தில் எழுதுவான். சுவரில் படம் வரைந்து போலீஸிடம் மாட்டுகிறவர்கள், மேடை கிடைக்காத பாடகர்கள், அரசியல், போனுக்குள்ளேயே குடித்தனம் நடத்தும் மனிதர்கள். எங்கே சுற்றினாலும் கடைசியில் அந்தத் தோழியிடம்தான் வந்து நிற்பான். 'தொடுதிரைக் கிளர்ச்சியின் அறம், மின்கலம் வற்றும் கணத்தில் தானும் வற்றிவிடுகிறது என்றாள் தோழி.' அவ்வளவுதான், கீழே ஒரே ஹார்ட் மழை. 'யார் சார் அந்தத் தோழி? அவங்களையே எழுதச் சொல்லுங்களேன்!'

அந்த வரியை அவள் திரும்பத் திரும்பப் படித்தாள். புரிந்தது பாதி. எரிச்சல் மட்டும் முழுசாக வந்தது. அவள் குடும்பத்தில் முதல் பட்டம் அவளுடையது. முட்டி மோதி வாங்கியது. ஆனால் இப்படி ஒரு வாக்கியம் அவள் வாயில் வருமா? அந்தத் தோழி பிறந்த வீட்டில் தொட்டிலைச் சுற்றியே புத்தக அலமாரி இருந்திருக்கும். கட்டை முடி, பெரிய கம்மல், சர்க்கரை போடாத காபி. கற்பனையிலேயே அந்தக் கட்டை முடியைப் பிடித்து எத்தனையோ முறை உலுக்கியிருக்கிறாள்.

"உனக்கு என்ன குறை வெச்சேன்? வேலை முடிஞ்சு வந்து, அடுப்பு முன்னாடி நின்னுக்கிட்டு நான் தொண்டை கிழியப் பேசறேன். நீ மேசையில உக்காந்து 'ம்... அப்புறம்?'னு கேக்கற. கேக்கற மாதிரி நடிக்கற. போன் பக்கத்துல குப்புறக் கிடக்கு. உன் கண்ணு அதை விட்டு நகருதா? அவ மெசேஜுக்குத்தானே காத்திருக்க?"

"சேச்சே."

"என்னைவிட அழகா?"

"அதெல்லாம் இல்ல."

"என்னைவிட அறிவாளியா?"

அவன் ஏனோ தடுமாறினான். "அப்படி... சொல்ல முடியாது."

அந்தத் தடுமாற்றம் அவளுக்குச் சுருக்கென்று தைத்தது.

"கதவுகிட்ட பாரு. பை கட்டி வெச்சிருக்கேன். அப்படி ஒருத்தி இருந்தா இப்பவே கிளம்பறேன். இல்லைன்னா பையைப் பிரிச்சு அடுக்கிடறேன். முடிவா கேக்கறேன், குடு."

அவன் பையைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். கடவுச்சொல்லைத் தட்டி போனை நீட்டினான்.

"நல்லாப் பாத்துக்கோ. சத்தியமா யாரும் இல்ல."

அவள் தேடினாள். துறை அலுவலகம், மதிப்பெண்ணுக்குக் கெஞ்சும் மாணவர்கள், மாமியார் அனுப்பிய காலை வணக்கப் பூக்கள், கரண்ட் பில். கட்டை முடிக்காரி எங்கேயும் இல்லை. வயிற்றெரிச்சல் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. அவசரப்பட்டுவிட்டோமோ என்று வெட்கமாகக்கூட இருந்தது. திருப்பிக் கொடுக்கப் போனபோதுதான் கண்ணில் பட்டது, குரல் பதிவுகள். வரிசையாக எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்: தோழி.

"அடப்பாவி! குரலைக்கூடவா சேத்து வெச்சிருக்க?"

அவன் எட்டிப் பிடிப்பதற்குள் ஒன்றைத் தட்டிவிட்டாள்.

முதலில் பாத்திரம் உருளும் சத்தம். அப்புறம் கரகரவென்று ஒரு பெண் குரல்: "போங்கடா, உங்க புரட்சியெல்லாம் போன்ல சார்ஜ் இருக்கிற வரைக்கும்தான்! தீந்துச்சுன்னா ஆளாளுக்கு ப்ளக்கைத் தேடி ஓடுவீங்க!"

பக்கத்திலேயே அவனுடைய குரல்: "ம்... அப்புறம்?"

பேசியது அவளேதான்.

"பாத்தியா? நீதான்! வேற யாருமே இல்ல," என்றான் அவன், பெரிய பரிசு கொடுத்தவன் போல. "இப்ப சந்தோஷமா?"

"அப்ப ஏன் 'என் பொண்டாட்டி சொன்னது'ன்னு எழுதல?"

"பார்சல் கம்பெனி இன்சார்ஜ் சொன்னதுன்னு போட்டா எவன் படிப்பான்?"

அவள் போனை மேசைமேல் குப்புற வைத்தாள். கதவருகே போய்ப் பையைத் தோளில் மாட்டினாள்.

"ஏய், பையைப் பிரிச்சுடறேன்னுதானே சொன்ன? அப்படி ஒருத்திதான் இல்லையே!"

"இருக்கா," என்றாள் அவள், செருப்பை மாட்டியபடி. "அவளையும் கூட்டிக்கிட்டுத்தான் போறேன். வர ஞாயித்துக்கிழமை நீயே யோசிச்சு எழுதிக்கோ."