விஜயகலாவின் ஐந்து நிமிடம்

"வழிய விடுங்க நானா. எனக்கு அஞ்சு நிமிஷம் தந்திருக்காங்க. அதப் பேசாம நான் போகமாட்டேன்."

கேகாலையில் அந்த மண்டபத்தின் வாசலில் விஜயகலா நின்றாள். அவள் 'நானா' என்று அண்ணன் முறை வைத்து அழைத்த மண்டபக் காவலாளி முக்தார் கையைக் குறுக்கே நீட்டியிருந்தார். அவர் தலைக்கு மேலே அரவணைப்பு நலன்புரிச் சங்கத்தின் பதாகை தொங்கியது: 'எவரும் வெளியே இல்லை – ஆண்டிறுதி மீள்நோக்கு.'

"அக்கா, உள்ளுக்குக் கழுவத் தண்ணி ஊத்தி இரிக்கு. போக ஏலா. நான் செல்றதக் கொஞ்சம் கேளுங்க..."

"அந்த ரெண்டு பேரு மட்டும் போறாங்க?"

உள்ளே இரண்டு இளைஞர்கள் நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள்.

"அவங்க வேலக்காரங்க அக்கா."

"நான் என்ன விருந்துக்கா வந்தேன்? தோட்டத்து ஆளுன்னா வெளிய நிக்கணுமா? ஒங்க தலைக்கு மேல எழுதியிருக்கிறதப் படிச்சீங்களா?"

முக்தார் நிமிர்ந்து படித்தார். படித்துவிட்டுக் குனிந்துகொண்டார்.

விஜயகலா கரவனெல்லப் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றின் லயத்து வரிசை வீடுகளில் குடியிருந்து பால் வெட்டுகிறவள். ஒன்பது மணிக் கூட்டத்துக்கு முதல் பஸ்ஸைப் பிடித்து எட்டு மணிக்கே வந்துவிட்டாள். பையைத் திறந்து அழைப்பிதழை எடுத்து முக்தாரின் மூக்குக்கு நேரே பிடித்தாள்.

"சங்கத்து இல்ஹாம் தம்பி லயத்துக்கே வந்து கையில குடுத்தது. இருபத்தெட்டாந் தேதி, ஞாயித்துக்கெழம. 'சமூகத்தின் குரல், திருமதி விஜயகலா, ஐந்து நிமிடம்.' என் பேரு அச்சுல இருக்கு. ஒங்க பேரு இருக்கா?"

"இல்ல."

"அப்ப நம்ம ரெண்டு பேர்ல யாரு வெளிய நிக்கணும்?"

முக்தார் அழைப்பிதழைச் சுட்டிக் காட்டினார். "அந்தக் காட் இருக்கே அக்கா, அது..."

"செல்லாதா? பெரிய தபால் அதிகாரி வாறாரு, அவரு மொகத்துக்கு நேரா இவ ஏதாச்சும் கேட்டுருவான்னு பயம். கேக்கத்தான் போறேன். தமிழ்ல ரெண்டர நிமிஷம், சிங்களத்துல ரெண்டர நிமிஷம். மூணு நாளா ரப்பர் மரத்துக்கு முன்னால பேசிப் பழகியிருக்கேன். மரங்கூட இப்பிடி மறிக்கல."

"அப்பிடி என்ன கேக்கப் போறீங்க?" முக்தார் வாய் தவறிக் கேட்டுவிட்டார்.

"ஒங்க வூட்டுக்குத் தபால்காரர் வருவாரா?"

"வருவார்."

"எங்க லயத்துக்கு வரமாட்டாரு. கட்டோட தோட்டத்து ஆபீசுல போட்டுட்டுப் போயிருவாரு. கிளாக்கர் ஐயாவுக்கு ஞாபகம் வந்தா, காலையில வேலைக்குப் பேரு கூப்பிடுறப்ப கடிதத்துக்கும் சேத்துக் கூப்பிடுவாரு. ஆளு இல்லன்னா அந்தப் பக்கம் போற யாருகிட்டயாச்சும் குடுத்து விடுவாரு. அப்புறம் அந்த ஆளுக்கு ஞாபகம் வரணும். போன வருஷம் என் மக சுதர்ஷினிக்கு நர்ஸ் டிரெயினிங்குக்கு இன்டவியூ கடிதம் வந்துச்சு. கீழ் டிவிசன்ல இன்னொரு சுதர்ஷினி இருக்கா. அவ வூட்டுச் சாமிப் படத்துக்குப் பின்னால பத்தொம்பது நாள் இருந்துச்சு. எங்க கைக்கு வந்து பிரிச்சா, இன்டவியூ முடிஞ்சு எட்டு நாள்!"

"போன்ல ஒரு சொல்லு செல்லியிருந்தா..."

"தண்ணி டேங்க் மேல ஏறினா ஒரு கோடு சிக்னல் வரும். நர்ஸ் வேலைக்குக் கூப்பிடுறவங்க, நான் டேங்க் மேல நிக்கிற நேரம் பாத்தா கூப்பிடுவாங்க?"

நாற்காலி தூக்கியவர்கள் நின்று பார்த்தார்கள். விஜயகலா அவர்களையும் விடவில்லை; சிங்களத்தில் தம்பி என்று அழைத்தாள்.

"மல்லி, நீங்களே சொல்லுங்க. இந்த வருஷமும் புள்ள விண்ணப்பம் போட்டிருக்கா. வயசு இதோட முடியுது. கடிதம் நாளைக்கும் வரலாம், நாளான்னைக்கும் வரலாம். லயத்துல ஒவ்வொரு காம்பரா வாசலுக்கும் நம்பர் இருக்கு. வோட்டுக் கேக்க வாறவங்க அந்த நம்பரக் கண்டுபுடிச்சுக் கதவத் தட்டுறாங்க. தபால்காரர் கண்ணுக்கு மட்டும் ஏன் தெரிய மாட்டேங்குது? இத அந்த அதிகாரிகிட்டக் கேட்டா குத்தமா?"

இளைஞர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு இருவரும் முக்தாரைப் பார்த்தார்கள்.

குறுக்கே நீட்டியிருந்த கை மெல்ல இறங்கியது. முக்தார் உள்ளே போய் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து வாசலில் போட்டார்.

"நல்லாப் பேசுறீங்க அக்கா. இரிங்க."

"உக்கார வரல, பேச வந்தேன். எப்ப மேடைக்குக் கூப்பிடுவாங்க?"

முக்தார் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"நேத்துக் கூப்பிட்டாங்க. மூணு தரம் மைக்ல ஒங்க பேரச் செல்லிக் கூப்பிட்டாங்க. பொறகு தலைவர் எழும்பி, 'நாங்கள் அழைத்தும் தோட்டத்து மக்கள்தான் வருவதில்லை'ண்டு கவலப்பட்டார். எல்லாரும் கை தட்டினாங்க."

"நேத்தா?"

"அதிகாரிக்கு இண்டைக்கு வர ஏலாண்டு கூட்டத்த ஒரு நாள் முந்திப் போட்டாங்க அக்கா," என்றார் முக்தார், அவள் முகத்தைப் பார்க்காமல். "தேதி மாறினத ரெண்டு கெழமைக்கு முந்தியே எல்லாருக்கும் தபால்ல அனுப்பினாங்க. ஒங்களுக்கும்தான்."